கொடுக்கக்கூடியவர்கள்

யூலை 8, செவ்வாய்

ப்ரெண்டனின் மின்னஞ்சல் காலை ஆறரைக்கு வந்தது. எங்கள் பேஸ்போல் கிளப்பின் மேலதிகாரி அவர், அமெரிக்காவில் அவருக்கு மாலை. வழக்கம்போல வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. "மூன்று பத்தியில் பட்டியல் வேண்டும். தொடக்கூடாதவர்கள், யோசிக்கலாம், கொடுக்கலாம்."

ஒவ்வொரு யூலையும் இதுதான். மாத முடிவில் பேஸ்போல் கிளப்புகளுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அதன் பிறகு முடியாது. எங்கள் கிளப் இந்த வருடம் இறுதிச் சுற்றுக்குப் போகலாம், போகாமலும் விடலாம். போக வேண்டுமென்றால் அனுபவமுள்ள பந்தெறிபவர் ஒருவர் வேண்டும். அவரை வைத்திருக்கும் கிளப் சும்மா தராது. எங்கள் கீழ்நிலை அணிகளில் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டைக் கேட்கும். எந்தப் பிள்ளையைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் நாங்கள் கண்டெடுத்தவர்களுக்கு நான் பொறுப்பு. மொத்தம் ஏழு பேர். யாராவது ஆசைப்படக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் மெல்பேர்ன் நேட், உள்வட்டத்தில் நின்று பந்து மறிப்பவன். மற்றவன் சிட்னி டூங்காபி லக்சன், இருபது வயது, இடது கையால் எறிபவன், இப்போது அமெரிக்காவில் கீழ்நிலை அணியொன்றில் ஆடுகிறான். எங்கட ஆள். பதினேழு வயதில் அவனுக்குக் கிளப்பின் ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தது நான். அவனுடைய தாய் கமலினி அக்கா அன்றைக்கு அழுதவ. பேஸ்போல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் கேட்டவ.

லக்சனை முதல் பத்தியில் போட்டேன். பாசத்தால் அல்ல. எண்கள் அப்படி.

யூலை 9, புதன்

மழை. ஹோம்புஷில் ரெயில் நாற்பது நிமிடம் பிந்தியது. பட்டியல் நகரவில்லை.

யூலை 12, சனி

ஹரிஸ் பார்க்குக்குச் சங்கிலிக் கொக்கி திருத்தப் போனேன். நகைக்கடையின் உள்பக்கத்தில், வெள்ளிச் சாமான் விற்கும் மேசையில், கமலினி அக்கா எனக்கு முதுகு காட்டி நின்றா. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் விற்கும் பெண் ஒரு சின்னத் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். அதில் வெள்ளியில் கண், கால், கை, வயிறு. நேர்த்தி வைக்கிறவர்கள் கோயில் உண்டியலில் போடும் உறுப்புகள். கால் நோவென்றால் கால், கண் நோவென்றால் கண்.

"கையா? இடது கையா, வலது கையாக்கா?"

"இடது. முழங்கை தெரியுற மாதிரி இருந்தா நல்லது, பிள்ளை."

நான் வெளியே வந்துவிட்டேன். கொக்கி இன்னும் திருத்தவில்லை.

கமலினி அக்காவின் வீட்டில் மூன்று பேர். அவ, புருஷன் யோகேஸ்வரன், மகன். யோகேஸ்வரன் அண்ணனுக்கு முதுகுவலி, ஊருக்கே தெரியும். அவவுக்குச் சீனி வருத்தம். முழங்கை யாருடையது?

ஊரில் யாருக்காவது இருக்கலாம். தங்கச்சிக்கு, தங்கச்சியின் மாமிக்கு. இருக்கலாம்.

யூலை 13, ஞாயிறு

இருக்கலாம் என்று ஒரு நாள்தான் இருக்க முடிந்தது. கணினியைத் திறந்தேன்.

லக்சன் கடைசியாக ஆடிய நான்கு ஆட்டங்கள். வேகம் குறையவில்லை. தவறுகள் கூடவில்லை. ஆனால் பந்து அவன் கையை விட்டுப் போகும் உயரம் நான்கு சென்றிமீற்றர் இறங்கியிருக்கிறது. ஒரேயடியாக அல்ல. ஆட்டத்துக்கு ஒரு சென்றிமீற்றர்.

களைப்பென்றாலும் இப்படி இறங்கும். பயிற்சியாளர் எதையாவது மாற்றிக் கொடுத்தாலும் இறங்கும். முழங்கை நோகும்போது அதைக் காப்பாற்றப் பார்க்கிற பிள்ளைக்கும் இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒன்று. அந்த வெள்ளித் தட்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று இல்லை.

எங்கள் சனத்தின் வழக்கம் இது. டொக்டருக்குச் சொல்லாததை முருகனுக்குச் சொல்வார்கள். முருகனுக்குச் சொல்லிவிட்டால் அலுவல் முடிந்தது. கிளப்பின் மருத்துவக் கோப்பில் லக்சனுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் கூட இல்லை, பார்த்தேன்.

நான் என்ன செய்ய வேண்டும்? ப்ரெண்டனுக்கு என்னவென்று எழுதுவது? "பையனின் தாய் வெள்ளிக் கை வாங்கினவ, உடனே ஸ்கான் எடுக்கவும்" என்றா?

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. காலை எட்டு மணிக்குக் கதவில் மணி. கமலினி அக்கா, கையில் சுடுதண்ணிப் போத்தல் நிறைய ஆடிக்கூழ், ஒரு பெட்டியில் கொழுக்கட்டை.

"நீர் தனிய இருக்கிறீர், ஆர் உமக்குக் காய்ச்சித் தருவினம்?"

கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. கதவடியிலேயே நின்றா, வேலைக்கு நேரமாச்சு என்றா, ஆனால் போகவும் இல்லை. சப்பாத்தைப் பார்த்தா. என் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்தா.

"தம்பி எப்பிடி இருக்கிறான், அக்கா?" என்றேன். அவ சொல்ல நல்ல இடம் கொடுத்துத்தான் கேட்டேன்.

"அவனுக்கென்ன. நல்லா இருக்கிறான்."

"கை கால் ஒண்டும் நோகுதெண்டு சொல்லேல்லையே?"

"சீ. அப்பிடி ஒண்டுமில்லை." சற்று நின்று, "சரி, போட்டு வாறன்" என்று போய்விட்டா.

பொய் சொல்லத் தெரியாத மனுசி நன்றாகவே பொய் சொன்னா. நானும் குறைவில்லை. கடையில் கண்டதை நான் சொல்லவில்லை. கூழ் நல்ல ருசி. பனங்கட்டி எங்கே எடுத்தவ என்று கேட்க மறந்தேன்.

யூலை 22, செவ்வாய்

லக்சனோடு மாதாந்த அழைப்பு. ஏழு பேருக்கும் ஒரே பத்துக் கேள்விகள். நித்திரை, சாப்பாடு, வீட்டு நினைவு, பயிற்சியாளரோடு பிரச்சினை. எட்டாவது கேள்வி உடம்பு.

"எங்காவது நோகுதா?"

"நோ, அன்ரி. ஆல் குட்."

வழக்கமாக அந்த எட்டாவதுக்கு ஒரு கதை சொல்வான். குதிகால் உரசினது, பஸ்ஸில் கழுத்து பிடித்தது, இப்படி. இன்றைக்கு நாலே சொல். பிறகு தானாகவே சொன்னான், அடுத்த நிலை அணியில் ஓர் இடம் காலியாகிறதாம், தன் பெயர் பேச்சில் இருக்கிறதாம். "இப்ப மட்டும் ஒண்டும் பிழையாப் போகக் கூடாது, அன்ரி." தமிழில் சொன்னான். அவன் தமிழில் பேசினால் பயந்திருக்கிறான் என்று அர்த்தம்.

படிவத்தில் எட்டாவது கட்டத்தில் "இல்லை" என்று அடித்தேன். கேட்டேன், சொன்னான், பதிந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

யூலை 26, சனி

மெல்பேர்ன். குளிர் எலும்புக்குள் போகிறது. நேட்டின் பழைய கிளப்பில் இரண்டு புதுப் பையன்களைப் பார்த்தேன். இரண்டும் சரிவராது.

யூலை 29, செவ்வாய்

பேரம் கிட்டத்தட்ட முடிந்ததாம். அந்த அனுபவசாலியைத் தர ஒரு கிளப் ஒத்துக்கொண்டிருக்கிறது. பதிலுக்கு அமெரிக்கப் பிள்ளை ஒருவனும், அதற்கு மேல் லக்சன் அல்லது நேட்டும். எங்களையே தெரிவுசெய்யச் சொல்கிறார்கள்.

ப்ரெண்டன் அழைப்பில் கேட்டார்: "இரண்டு பேரில் யார் போனால் உனக்குக் குறைவாக நோகும்?"

நோவு என்ற சொல்லைத் தெரிந்து பாவித்தாரோ தெரியாது. வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இரண்டு மணித்தியாலம் மேசையில் இருந்தேன். இதுதான் கணக்கு. முழங்கை உண்மையாகவே பழுதென்றால், லக்சன் இன்னும் சில மாதங்களில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம். இன்றைக்கு அவனுக்கு இருக்கும் மதிப்பு இனி வராது. ஆகவே கொடுக்க வேண்டியது அவனைத்தான், இப்போதே. இதை ஒரு மாணவனுக்குப் படிப்பித்தாலும் இதையேதான் சொல்லிக் கொடுப்பேன்.

மற்ற வழி: "கை இறங்குகிறது, சந்தேகம் இருக்கிறது, ஸ்கான் எடுங்கள்" என்று எழுதுவது. எழுதினால் பேரம் நிற்கும். லக்சன் ஓய்வுக்குப் போவான், அந்தக் காலி இடம் வேறொருவனுக்குப் போகும். சில வேளை கை தப்பும். கமலினி அக்காவுக்கு யார் சொன்னது என்று விளங்கும். ப்ரெண்டன் கேட்பார், "எப்போதிருந்து உனக்குத் தெரியும்?"

பன்னிரண்டாம் திகதியிலிருந்து.

அட, நான் என்ன டொக்டரா? தாய்க்காரி மறைக்கிறா, பிள்ளை மறைக்கிறான். அவையளுக்கில்லாத அக்கறை எனக்கென்னத்துக்கு? வாங்கிற கிளப்பிலயும் டொக்டர்மார் இருக்கினம்தானே, அவை பாக்கட்டும். நான் ஆரின்ர கையையும் முறிக்கேல்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் மூன்று தரம் எழுதினேன் என்று தெரியவில்லை.

யூலை 31, வியாழன்

அனுப்பிவிட்டேன். லக்சன் மூன்றாம் பத்தி.

காரணமாக நான் எழுதியது இரண்டு வரி: "வளர்ச்சி தட்டையாகிறது. பந்து விடும் உயரம் சீராக இல்லை. நேட்டின் மேல்வரம்பு அதிகம்." ஒரு சொல்லும் பொய்யில்லை. முழங்கை என்ற சொல் மட்டும் இல்லை. அதை எழுதினால் எங்கள் கோப்பில் ஏறும். ஏறினால் அந்தக் கிளப்புக்குக் காட்ட வேண்டி வரும். ஆகவே எழுதவில்லை.

இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். எங்காவது எழுத வேண்டுமே.

ஓகஸ்ட் 1, வெள்ளி

கெடு எங்கள் நேரம் காலை எட்டு மணி. ஏழு நாற்பதுக்கு முடிந்துவிட்டது. அவசரத்தில் கோப்பைப் பார்த்தார்கள், கோப்பில் ஒன்றுமில்லை, கையெழுத்து. ப்ரெண்டன் ஒரு சொல் அனுப்பினார்: "அழகு."

ஒன்பது மணிக்குக் கமலினி அக்காவின் அழைப்பு. பின்னால் கோயில் மணி கேட்டது. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நிற்கிறாவாம், ஆடி வெள்ளி.

"தாட்சா! தம்பி இப்பத்தான் கோல் எடுத்தவன். வேற கிளப்பில அவனைக் கேட்டு எடுத்திருக்கினமாமே? அதுவும் மேல் ரீமுக்கு! நீர் சொல்லித்தானாம். நான் முருகனைத்தான் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன், முருகன் உம்மட்டைச் சொல்லியிருக்கிறார் போல."

"அவன்ர கெட்டித்தனம், அக்கா" என்றேன்.



ஓகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அம்மாவின் திவசம் வருவதால் ஐயரைக் காண வேண்டியிருந்தது.

கமலினி அக்கா பொங்கல் செய்வித்துப் பிரசாதம் பங்கிட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாலு பேருக்குக் காட்டினா. "இவதான். என்ர பிள்ளையை மேல ஏத்தினவ." ஓர் அங்கிள் தன் பேரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், அவன் நன்றாகக் கல் எறிவானாம்.

பொங்கலை வாங்கினேன். காருக்குள் இருந்து முழுவதையும் சாப்பிட்டேன். மிச்சம் விட்டால் பாவம் என்று அம்மா சொல்வா. பாவத்தில் இது எத்தனையாவது என்று யோசித்துச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

நாங்கள் வாங்கிய அனுபவசாலி மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் வென்றுவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் பெயர் சொல்லிக் கை தட்டினார்களாம்.

லக்சனும் புது அணியில் நன்றாக எறிகிறான். ஒருவேளை என் பயம்தான் பிழை. ஒருவேளை அந்தக் கை தங்கச்சியின் மாமிக்குத்தான்.

உயரம் பார்த்தேன். இன்னும் இரண்டு சென்றிமீற்றர்.

இப்போது அவன் எங்கள் ஆள் இல்லை. பார்க்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

ஓகஸ்ட் 27, புதன்

நேரடி ஒளிபரப்பில் கண்டேன். ஆட்டத்தின் மூன்றாவது சுற்று. எறிந்தான், பந்து அடிப்பவனுக்கு இரண்டு மீற்றர் அப்பால் போனது. லக்சன் அதைப் பார்க்கவே இல்லை. கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளர் வருவதற்கு முன்னமே மைதானத்தை விட்டு நடக்கத் தொடங்கினான். நடந்தான், ஓடவில்லை. தலையைத் தூக்கவில்லை.

தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

முழங்கை நார் முழுதாக அறுந்திருக்கிறதாம். சத்திரசிகிச்சை பதினாறாம் திகதி. திரும்பி எறியப் பதினான்கு மாதம், எல்லாம் சரிவந்தால். சரிவராதவர்களும் உண்டு.

ஸ்கான் பார்த்த டொக்டர் எழுதியிருக்கிறாராம்: முதலில் சின்னக் கிழிசல், யூன் மாதமளவில் தொடங்கியிருக்க வேண்டும், அப்போதே ஓய்வு கொடுத்திருந்தால் வெட்டாமலே ஆறியிருக்கலாம்.

ப்ரெண்டன் அழைத்துச் சிரித்தார். "எப்படித் தெரியும் உனக்கு? மந்திரமா?"

"உயரம் இறங்கினது" என்றேன். 

"இங்கே இருபது பேர் அந்த எண்ணைப் பார்த்தார்கள். உனக்கு மட்டும்தான் விளங்கியது." அடுத்த வருடம் பசிபிக் முழுவதற்கும் என்னைத் தலைவராக்குவதாகப் பேச்சாம்.

நன்றி சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 3, வெள்ளி

இறுதிச் சுற்றுக்குப் போனோம். முதல் கட்டத்திலேயே வெளியே. அனுபவசாலி அடுத்த வருடம் வேறு கிளப்புக்குப் போகிறார். எல்லாம் மொத்தம் ஒன்பது கிழமைக்காக.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பின்னேரம் மூன்று மணிக்குக் கமலினி அக்கா வந்தா. இந்த முறை கையில் ஒன்றுமில்லை. கதிரையில் இருந்தா. லக்சன் சிட்னிக்கு வந்து ஒரு கிழமையாம். கைக்கு இரும்புப் பட்டி போட்டிருக்கிறதாம். சட்டை போட்டுவிட, வலது கைப் பழக்கமில்லாதவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்க அவ வேண்டுமாம். இருபது வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பானாம்.

தேநீர் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னா.

"என்னாலதான், தாட்சா. எனக்கு யூனிலயே தெரியும். அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, சொன்னா என்னை இருத்திப்போடுவினம் எண்டு அழுதவன். நான் நேர்த்தி வைச்சிட்டுப் பேசாம இருந்திட்டன்."

கோப்பையை மடியில் இறக்கினா.

"ஆடிப்பிறப்பண்டு உமக்குச் சொல்லத்தான் வந்தனான். கூழ் ஒரு சாட்டு. கதவடியில நிண்டு வாய் வரைக்கும் வந்தது. பிறகு, நீர் அவையின்ர ஆளெல்லே, எழுதிப்போடுவீரெண்டு பயந்து போட்டன். உமக்கு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தனெண்டா, நீர் அவன்ர கையைக் காப்பாத்தியிருப்பீர்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. அவ அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை நல்லவளாகவே வைத்துக்கொண்டு போயிருப்பா. வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தானே தின்றுகொண்டு இருந்திருப்பா. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும், அக்கா."

"என்னது?"

"ஹரிஸ் பார்க் கடையில நீங்கள் கை வாங்கேக்க நான் பின்னால நிண்டனான். அவன்ர பந்தின்ர கணக்கிலயும் கண்டனான். நீங்கள் கூழ் கொண்டுவர முதலே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவனைக் குடுக்கச் சொன்னனான். பழுதாக முதல் குடுத்தா லாபமெண்டு."

கமலினி அக்கா என்னைப் பார்த்தா. கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. எதையோ விளங்கிக்கொள்ள முயல்வது போலப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், தான் குடிக்காத தேநீரை ஊற்றி, கோப்பையைக் கழுவி, துடைத்து, அலுமாரியில் வைத்தா. என் வீட்டில் இதற்கு முன் ஒருநாளும் கோப்பை கழுவினவ இல்லை. அந்நியர் வீட்டில்தான் அப்படிச் செய்வா.

கதவை மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனா.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஒருவரும் வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காலை எழும்பியதும் லக்சனின் செய்தி. ஆங்கிலத்தில், வலது கையால் தட்டியிருக்க வேண்டும், இரண்டு எழுத்துப் பிழை.

"அம்மா சொன்னா. அவ சரியா அழுகிறா, கொஞ்ச நாளைக்கு எடுக்காதேங்கோ. என்னில உங்களுக்குக் கோபம் வேண்டாம், எட்டாவது கேள்விக்கு நான்தான் பொய் சொன்னது. நீங்கள் எடுத்தது சரியான முடிவு, அன்ரி. மதிப்பு இருக்கேக்க குடுக்கிறதுதான் முறை. உங்கட இடத்தில நான் இருந்தாலும் என்னைத்தான் குடுத்திருப்பன்."

ஏசியிருக்கலாம். ஏசினால் தாங்கியிருப்பேன், அதற்கு நேற்று முழுக்க ஆயத்தமாக இருந்தேன். மதிப்பு இருக்கும்போது கொடுப்பது. முழங்கை அறுந்து கிடக்கிற பிள்ளை, தன்னைப் பற்றி, என் அறிக்கையில் வருகிற வசனத்தை எழுதியிருக்கிறான். மூன்று வருடத்தில் வேறு என்னத்தை நான் அவனுக்குப் பழக்கினேன்?

கட்டிலில் இருந்தபடியே அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

ஒன்பது மணிக்கு அடுத்த வருடப் பட்டியலுக்கான முதல் கூட்டம். பசிபிக்கின் புதுத் தலைவராக நான்தான் தொடங்க வேண்டும். ப்ரெண்டன் இரண்டு தரம் அழைத்தார். எடுக்கவில்லை. பத்தரைக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், யூலை பன்னிரண்டாம் திகதியிலிருந்து, ஒன்றும் விடாமல். லக்சனை வாங்கிய கிளப்புக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.